கடலைப் பானையின் அகலம்

பீடோர் இரும்புக்கடைக்குப் பானையோடு போனேன்.
மோட்டார் பின்சீட்டில் நான், மடியில் அது,
எட்டு மாத வயிறுபோல் முட்டிக்கொண்டு.
முன்கூடையில் ஒரு கித்தாக் கட்டை,
வீரமுத்து வழக்கமாய் வெட்டும் நீளத்தில்,
சாட்சி சொல்லக் கூட்டிப்போகிற ஆள்மாதிரி படுத்திருந்தது.

சியோங் தவுக்கே எங்களைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.
“விக்க வந்தியா, வாங்க வந்தியா?”
அவர் தமிழ் எங்கள் தமிழைவிட வேகம்.

வியாழன் இரவுச் சந்தைக்கு ஆறு கிலோ கடலை.
தோலோடு, உப்போடு, மூன்று மணி நேரம் கொதிக்கணும்.
கேஸில் வைத்தால்
லாபம் நீலமாய் எரிந்து போகிறது.

வாசலில் மூன்று அடுப்பு.

முதலாவது வார்ப்பிரும்பு. இரண்டு வாய், காலில் பூவேலை.
தட்டினால் கோயில் மணிக்குத் தம்பிபோல் ஒரு சத்தம்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த வீரமுத்து
சத்தமில்லாமல் மறுபடி கவிழ்த்து வைத்தான்,
தூங்குகிற பிள்ளையை வைப்பதுபோல்.
நான் விடவில்லை. இடுப்பில் முடிந்திருந்த நூலை எடுத்தேன்:
ஒரு முடிச்சு சுவர், ஒரு முடிச்சு பின்கதவு.
இதை வைத்தால் கதவு பாதிதான் திறக்கும்.
ஆயுசுக்கும் நண்டுமாதிரி
பக்கவாட்டில் போய் வரவேண்டும்.

இரண்டாவது, பழைய கேஸ் தோங்கை அறுத்து ஒட்டியது.
எந்தத் தோங்குக்குக் கட்டக் காசில்லாமல் இங்கே வந்தோமோ
அதே தோங், வாயைப் பிளந்துகொண்டு.
சிரித்துவிட்டேன். பானையை ஏற்றினேன், ஆடியது.
தவுக்கே ஒரு அட்டைத்துண்டை மடித்துக் கொடுத்தார்.
நெருப்புக்கு அடியில் அட்டையா, தவுக்கே?

மூன்றாவது குட்டை, சதுரம், வெல்டிங் தழும்போடு,
புகைக்குழாய் மாட்ட ஒரு பக்கம் காது.
நூலுக்கு அடங்கியது.
பானை ஏறி உட்கார்ந்தது
மூன்று மாத வாடகையை முன்னாலேயே கட்டியவள்போல்.
“எண்பது வெள்ளி, குழாய் தனி.”

அப்புறம் கட்டையை வைத்துப் பார்த்தோம்.
ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் குசினித் தரை ரப்பர் பாய்.
ஒரு தணல் விழுந்தால் போதும்.
அவன் குனிந்து கட்டையை உள்ளே தள்ளினான்,
வெளியே இழுத்தான், மறுபடி தள்ளினான்,
இரும்பு இளகும் என்று நினைத்தானோ என்னவோ.
மறுநடவுக்குச் சாய்த்த மரங்களிலிருந்து
குத்தகைக்காரனிடம் கெஞ்சி, லோரிக்காரனிடம் கெஞ்சி
மூன்று மாதமாய்ச் சேர்த்தது
வீட்டுக்குப் பின்னால் காய்கிறது.
எல்லாம் இதே நீளம்.

“நானூறு இருக்கு,” என்றான் தவுக்கேயிடம்.
கொஞ்ச நேரம் கழித்து என்னிடம்,
“எண்ணூறு ஆகும்.”
அவ்வளவுதான்.
பணத்தை எண்ணத் தொடங்கினான்.

முதல் நெருப்பு அன்றைக்கே.
புகை நேராகக் காக் ரொஸ்மாவின் கொடிக்கயிற்றுக்குப் போனது,
பள்ளிச்சீருடைகள் மேல்.
துணியைச் சுருட்டித் துடைப்பக் குச்சியால்
நான் குழாயின் முழங்கையைச் சாக்கடைப் பக்கம் திருப்புவதற்குள்
அவள் ஒரு வார்த்தை பேசாமல்
பாதித் துணியை எடுத்துவிட்டாள்.
நாளைக்குக் கடலை கொடுக்கலாம்.
வாங்குவாளோ தெரியாது.

பின்னால் ரம்பம் கேட்கிறது.
கித்தாக் கட்டை காய்ந்தால் லேசு என்பார்கள்,
நாலாவதிலேயே அவன் சட்டையைக் கழற்றிவிட்டான்.
பானையின் அடி கறுத்துவிட்டது.
தேய்க்கவில்லை.
அடுப்பின் வாய்க்குச் சரியாய் ஒரு கட்டை
வாசற்படி வழியாக உருண்டு வருகிறது,
வெட்டின முகம் இன்னும் வெள்ளையாய்.