பிரிக்ஸ் பதினொன்று

ஆயிரத்து இருநூறு மூட்டை சிமெண்ட் விற்றதற்கு
கம்பெனிக்காரன் பாங்காக் காட்டினான்,
நாலு நாள்.
அதன்பிறகு பரதராமியில்
நான் டீ குடிக்கப் போனால்
எதிர் பெஞ்சில் ஒரு சிரிப்பு
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

சுகுணா சிரிக்கவில்லை.
கேட்கவுமில்லை.
துவைக்கத் துணி எடுத்தவள்
லுங்கிக்குள் சுருட்டியிருந்த பாட்டிலைத்
திருகி முகர்ந்து
"செத்த கருவாடு மறுபடி செத்திருக்கு" என்றாள்.
அத்தோடு சரி.
மூன்று மாதம் அது
பரண்மேல் தலைகுனிந்து நின்றது.

இன்று ஞாயிறு. அவளுக்கு லீவில்லை, சீசன்.
சித்தூர் ரோட்டுக் கூழ் ஃபேக்டரியில்
லாரி லாரியாய் வரும் கிளிமூக்கில்
ஒரு சொட்டுப் பிழிந்து
சின்னக் குழலின் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்குப் பிடித்து
தித்திப்புக்கு எண் சொல்வது அவள் வேலை.
பதினான்குக்குக் குறைந்தால் லாரி திரும்பிப் போகும்,
டிரைவர் தமிழில் கெஞ்சினாலும்
தெலுங்கில் கெஞ்சினாலும்.

செக்போஸ்ட் தாண்டினால் கோழி
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு.
ஸ்கூட்டர் வேகத்தடையில் குதிக்கும்போதே
கைபேசி என்னை ஆந்திராவுக்கு வரவேற்றது.
"எமுகலு லேகுண்டா" என்று சொல்லத் தெரிந்திருந்தும்
மஸ்தான் முன்னால்
என் தொடையைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

பிள்ளையார் கோயில் பின்வேலியில்
திருநீற்றுப்பச்சிலை கேட்பாரற்று முளைத்திருந்தது.
கோழிக்கு என்று பூசாரியிடம் சொல்லவில்லை.
கிளிமூக்கு இரண்டு:
மூக்கு மட்டும் மஞ்சள், உடம்பு பச்சை.

அங்கே, மேம்பாலத்தின் அடியில்,
ஒரு பெண் இதை மூன்று நிமிடத்தில் முடித்தாள்.
எனக்கு நறுக்கவே ஒன்றரை மணி நேரம்.
வாணலி புகையும்வரை பொறுத்து
எண்ணெய், தட்டிய பூண்டு, தட்டிய மிளகாய்.
வீடு ஒருமுறை தும்மியது.
கறி சுருங்கி, வெளுத்து, ஓரம் சிவந்ததும்
பாட்டிலிலிருந்து இரண்டு ஸ்பூன்.
பழவேற்காடு ஏரி மொத்தமும்
சமையலறைக்குள் வந்து நின்றது.
வெல்லம் கொஞ்சம். எலுமிச்சை அரை மூடி.
கறிவேப்பிலைக்குத் தானாகப் போன கையை
இழுத்துக்கொண்டேன்.
மாந்துண்டுகளை இரண்டே புரட்டு,
அடுப்பை அணைத்தபின் இலை.

ஏழரைக்கு வந்தாள்.
காலரில், காது மடலில்,
கைக்கடிகார வாரில் மாம்பழ நாற்றம்.
மே பிறந்தால் ஆடி முடிகிறவரை
வீட்டில் அந்தச் சொல்லே கூடாது என்பது
அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.
தட்டைப் பார்த்தாள்.
"இங்கேயுமா?"

கைப்பையிலிருந்து குழலை எடுத்தாள்.
குழம்பில் தொடப்போனவளே நிறுத்தினாள்:
"உப்பு சேர்ந்தால் இது பொய் சொல்லும்."
நறுக்காமல் மிஞ்சிய கீற்றைப் பிழிந்து
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணை மூடினாள்.
"பதினொன்று.
லாரியைத் திருப்பி விட்டிருப்பேன்."

பிறகு சோறு போட்டுக்கொண்டாள்.
"யார் கத்துக்கொடுத்தது?"
"யாருமில்லை. நின்னு பார்த்தேன்."
"நாலு நாளுமா?"
"மூணு ராத்திரி."

மற்றவர்கள் வேன் ஏறிப் போன இடத்துக்கு
நான் போகவில்லை என்பது
நாக்கு நுனிவரை வந்தது.
அதைச் சொன்னால்
அந்த இடத்தையும் சொல்ல வேண்டும்.
தண்ணீர் குடித்தேன்.

"நீ பார்க்கும்போது அவ என்ன பண்ணினா?"
"என்னைப் பார்க்கவே இல்லை.
வாணலியையே பார்த்துக்கிட்டிருந்தா."

மென்றாள், வெகுநேரம்.
மாந்துண்டுகளை ஒவ்வொன்றாய் ஒதுக்கி
என் தட்டில் வைத்தாள்.
கோழியில் ஒரு துண்டு விடவில்லை.
உதட்டில் மிளகாய் ஏறி
மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே
எழுந்து போனவள்
உள்ளிருந்து கேட்டாள்:
"பாட்டில் ஃப்ரிட்ஜிலயா,
வெளியில வச்சா கெட்டுப்போகாதா?"