பதில் ஏதும் கூறவில்லை

மினிட்ஸ் புத்தகத்தை எழுதியவன் நான்.
அறுபத்தெட்டு செப்டம்பர், கொழிஞ்சாம்பாறை,
பீடிக் கம்பெனி மாடியில் பதினொரு பேர்.
தமிழில் சண்டை போட்டு
மலையாளத்தில் தீர்மானம் எழுதுகிற கிளை எங்களுடையது.

சூசை மாஷ் நாற்பது நிமிடம் பேசினார்.
சத்தமில்லை. கணக்கு வகுப்பு எடுக்கிற அதே குரல்.
"பிராக் நகரத்தில் தெருப்பலகைகளை எல்லாம்
ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிவிட்டார்களாம்.
டாங்கிக்காரப் பையன் தலையை வெளியே நீட்டி
வழி கேட்டிருக்கிறான்.
தோழர்களே, விடுவிக்கப் போன ஊரில்
ஏன் ஒருத்தர்கூட வழி சொல்லவில்லை?"

செயலாளர் என் பேனாவைப் பார்த்தார்.
எழுதினேன்:
தோழர் மரியசூசை
தன்மீதான குற்றச்சாட்டுகளுக்குப்
பதில் ஏதும் கூறவில்லை.
நீக்கம். ஏகமனதாக.
தூக்கிய கைகளில் என் இடது கையும் உண்டு;
வலது கை எழுதிக்கொண்டிருந்தது.

அப்புறம் இருபத்துமூன்று வருஷம்
கள்ளுக்கடையில் அவர் பெஞ்சில் எவனும் உட்காரவில்லை.
'அமெரிக்கா மாஷ்' என்று பள்ளிச் சுவரில் எழுதியது
யாரென்று எனக்குத் தெரியும்.
கரி, என் வீட்டு அடுப்புக் கரி.
எழுபத்தொன்பதில் பனையேறிகள் சமரத்தின்போது
ஊர்வலத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால்
பத்தடி விட்டு
குடையோடு நடந்து வந்தார்.
கோஷம் போடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை.

தொண்ணூற்றொன்று, கிறிஸ்துமஸ் ராத்திரி.
கோயிலில் குடில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே
ரேடியோ சொன்னது, கொடி இறங்கிவிட்டதென்று.
ஆபீஸில் யாரோ லைட்டை அணைத்தார்கள்,
கரண்ட் போனதாக இருக்கட்டும் என்று.

விடிந்ததும் அந்தப் பழைய நோட்டைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.
ஜெயித்தவர் முகத்தைப் பார்க்க
வழியெல்லாம் தயாராகிக்கொண்டு போனேன்.
கதவைத் திறந்தார். கண் ரெண்டும் வீங்கியிருந்தது.

கேக் ஒரு துண்டு வைத்தார்.
கண்ணாடி தேடி, பக்கம் புரட்டி, முழுக்கப் படித்தார்.
"திருத்திடறேன் மாஷ்."
"வேண்டாம். எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு,
அதை மட்டும் திருத்து."
கொஞ்ச நேரம் கழித்து,
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"நீங்க நீக்கினீங்க.
நான் எங்கடா போனேன்?"

திரும்பும்போது வேலந்தாவளம் முக்கில்
ஒரு தேங்காய் லாரி தடுமாறி நின்றது.
கோயமுத்தூருக்கு எந்தப் பக்கம் என்றான் டிரைவர்.
கை நீட்டிச் சொன்னேன்.
போதாது என்று தோன்றியது.
நடுரோட்டில், நோட்டோடு, பாலம்வரைக்கும்
அவனுக்கு முன்னால் நடந்தேன்.
ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான்.