இருபத்திரண்டாம் தீவின் விதிமுறைகள்

இருபத்தொரு தீவுகளையும் எண்ணி முடித்தபின்
வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் இன்னொன்று.
அங்கேதான் பள்ளிக்கூடம் கட்டினேன்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டில்,
மண்டபம் விடுதியின் ஏழாம் எண் கட்டிலில்,
விளக்கணைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில்.

ஏற்றத்தில் படிக்கட்டு மேலே போகும்,
வற்றத்தில் அதே படிக்கட்டு கீழே.
கணவாய் மையால் எழுதினால்
பொய் மட்டும் காய்ந்ததும் மறையும்.
தாமதமாய் வருகிறவரின் நிழல்
ஒருநாள் முழுக்க வாசலில் நிற்கும்.
கணக்குப் பாடம் கிடையாது.

ரில்வானாதான் முதல் வாசகி.
பெரியபட்டினத்துக்காரி, விடமாட்டாள்.
"சோறு யாரு வடிக்கிறா?"
தானாக வரும் என்றேன்.
"தானா வந்தா அரிசி யாரு வீட்டுது?
முந்நூறு பேரு யூனிஃபார்ம யாரு அலசுறா?
உப்புத் தண்ணியில நுரை வராதே?"
ஓரத்தில் பென்சிலால் ஒரு கிணறு வெட்டினேன்.
மறுநாள்:
"அந்த மணத்திட்டுல நல்ல தண்ணி ஏது?"
கிணற்றுக்கு ஒரு மந்திரம்,
மந்திரத்துக்கு ஒரு விலை,
விலைக்கு ஒரு பழைய சண்டை.
பதினொரு பக்கம் இப்படியே போனது.

நான்கு காற்று, நான்கு வீடு.
சங்கைக் காதில் வைத்தால்
உன் காற்றின் பெயரைச் சொல்லும்.
கொண்டல், கண்ணில் மழை வைத்திருப்பவர்களுக்கு.
வாடை, ரகசியம் காப்பவர்களுக்கு.
வழிதவறிய வள்ளத்தைக் கரைக்குத் தள்ளுபவர்கள்
சோழகம்.
கச்சானை எழுதிய அன்று
என் ஷாம்பு பாக்கெட் இரண்டு காணாமல் போயிருந்தது.
லூர்துக்கனியை அங்கே போட்டேன்.
மணலை வாரி முகத்தில் அடிக்கும் வீடு,
முன்கோபம், கைநீளம்,
கொடியில் ஒரு சொறிமுட்டை.

நோட்டு கைமாறியது.
ஒரே வாரத்தில் விடுதியில்
ரிப்பன் நிறம் நான்கானது.
தான் கொண்டல் என்று தெரிந்தபின் முனீஸ்வரி
இட்லி ஆறியதற்கும் அழுதாள்.
வாடைக்காரிகள்
மணி என்ன என்று கேட்டாலும் வாய் திறக்கவில்லை.
குழாயடியில் கச்சானுக்குத் தனி வரிசை.
அவர்கள் வாளியை யாரும் தொடவில்லை,
யார் வாளியையும் அவர்கள் நேராக நிற்கவிடவில்லை.
பத்து நாளைக்கு முன்பு
இவர்கள் எல்லாரும் வெறும் பத்தாம் வகுப்பு 'பி'.

ஆடி பிறந்தது.
தென்கடல் பொங்கிக்
கழிவறைத் தகரம் படபடத்த ராத்திரி
நோட்டோடு என் கட்டிலுக்கு வந்தாள் லூர்துக்கனி.
அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நீ எந்த ஊரு?"
களிமண்குண்டு.
"அதான். தெக்குக் கரை.
கச்சான் அடிச்சா ஒங்களுக்குத்தான் கொந்தளிப்பு.
எங்க தங்கச்சிமடத்துல, வடக்க,
தாம்பாளத்துல ஊத்துன தண்ணியா கெடக்கும் கடலு.
எங்கய்யா வட்டி கட்டுறதே
கச்சான் மாசத்துலதான்.
எந்தக் கரையில நின்னு எழுதுன?
அத எங்கயாவது எழுதுனியா?"

எழுதவில்லை.
பக்கத்துக் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து ரில்வானா:
"இவ இன்னும் சங்கக் காதுல வைக்கவே இல்ல,
கவனிச்சியா?"

விடியும்வரை திருத்தினேன்.
வீடுகளை அழிக்க மனம் வரவில்லை,
கொடிகள் அவ்வளவு நன்றாக வந்திருந்தன.
ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல் வைத்தேன்.
தெற்கு வாசலில் நிற்பவருக்கு அது புயல்,
வடக்கு வாசலில் துணி காயப்போடலாம்.
சொறிமுட்டையை மட்டும்
லூர்துக்கனி அழிக்கவிடவில்லை.
"கெடக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

அரிசி களைகிறவளுக்கு இன்னும் பெயரில்லை.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
சங்கை எடுக்கிறாள்.
அது என்ன சொல்லும் என்று நான் யோசிப்பதற்குள்
எழுப்பும் மணி அடித்துவிட்டது.

ஷாம்பு பாக்கெட் இன்னும் வரவில்லை.