வரிக்கு இரண்டு சூ

வரிக்கு இரண்டு சூ தருகிறார் மொஸ்யே தவெர்னுவா,
செப்புக் காசாகவே எண்ணி.
அதனால்தான் என் துப்பறிவாளர் இப்படிப் பேசுகிறார்:
"யார்?"
"நான்."
"நீயா?"
"நானேதான்."
ஆயிற்று, எட்டு சூ. ஒரு கிலோ ரொட்டி.

இங்கிலீஷ்காரர் அரைப் பக்கத்துக்கு
மூச்சுவிடாமல் மூடுபனி போட்டிருப்பார்.
நான் உடைத்துப் போடுவேன்:
மூடுபனி.
மேலும் மூடுபனி.

பிரெஞ்சு வாசகர் மனம் நோகக் கூடாது என்பது கடையின் சட்டம்.
லண்டன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்
பிரெஞ்சு டீச்சரம்மாவை
இரண்டாம் அத்தியாயத்திலேயே சுவிஸ்காரி ஆக்கினேன்.
ஜெனீவாவிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை.

அந்த மார்ச் மாதப் புத்தகத்தில்
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
தைத்தவன் விட்டுவிட்டான்.
லண்டனுக்கு எழுதிப் பதில் வருமுன்
அட்டை அச்சாகிவிட்டது: பச்சைக் கையுறை, ரத்தம்.
"வெள்ளிக்கிழமைக்குள் யாரையாவது பிடி, ஒஸான்" என்றார் மொஸ்யே.

பாத்தின்யோலில் என் அறைக்கு வாடகை வசூலிப்பவர் ஒரு நோட்டரி.
கதையிலும் ஒரு நோட்டரி இருந்தார்,
உயில் வாசிக்க வந்து
குடையை மறந்துவிட்டுப் போனவர், பாவம்.
அவருக்குக் கடன் கொடுத்தேன். ஒரு குப்பி விஷம் கொடுத்தேன்.
அழுதார். மன்னிப்புக் கேட்டார். மறுபடி அழுதார்.
வாக்குமூலம் மட்டும் பதினோரு பிராங்க்.

ஜூனில் வந்தது முழுப் பிரதி.
அடுப்பில் பால் பொங்கி வழிய, நின்றபடியே படித்தேன்.
கொன்றவள் டீச்சரம்மா.
அவள் பிரெஞ்சுக்காரியே இல்லையாம், வேஷமாம்.
கையுறையில் இருந்தது சாக்பீஸ் தூள்;
நான் அவசரத்தில் மாவு என்று எழுதியிருந்தேன்.
டிக்டேஷன் நோட்டில் ஒரு சொல்லின் தலைக்கோடு
மறுபக்கம் சாய்ந்திருந்தது,
எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போன எவளும் செய்யாத பிழை.
அதுதான் தடயமாம்.
அச்சுக்கோத்தவன் தப்பு என்று
நானே திருத்திவிட்டிருந்தேன்.

பன்னிரண்டாயிரம் பிரதி.
எல்லா ரயிலடியிலும் நோட்டரியின் தலை உருண்டுகொண்டிருந்தது.

நேற்று சேன் லஸாரில் ஏறினாள் ஒருத்தி,
சலவைக்காரி, விரல்நுனி வெந்து வெளுத்திருந்தது.
எழுபதாம் பக்கத்தில் நிறுத்தித் தோழியிடம் சொன்னாள்:
"அந்த சுவிஸ்காரிதான்டீ."
"எப்படிச் சொல்றே?"
"எங்க அத்தை லொசான்ல இருக்கா.
இவ பேசுறது அந்த ஊர்ப் பேச்சே இல்ல.
இவ பொய்க்காரி."

என் உள்ளங்கை வேர்த்தது.
தூளைத் துடைத்தேன், பிழையைத் திருத்தினேன்,
ஊரையே மாற்றினேன்.
நான் அரைகுறையாய்ச் சொன்ன பொய்யின் கிழிசல் வழியே
இவள் நேராக உள்ளே போய்விட்டாள்.

இன்னும் இருபத்தாறு பக்கத்தில் தோற்றுவிடுவாள்.
தன் புத்தியைத்தான் நொந்துகொள்வாள்.
சொல்லியிருக்கலாம்.

ஆனியேரில் இறங்கினாள்,
இடுப்பில் துணிமூட்டை,
படித்த பக்கத்தில்
விரலை அப்படியே செருகிக்கொண்டு.