பாசிக்குக் கீழே

மெர்கினே ஊரைத் தாண்டி
காடு தொடங்கும் இடத்தில்
பேருந்து எங்களை இறக்கிவிட்டுப் போயிற்று.
நாத்தனார் ரிம்வீதாவின் கையில் கத்தி.
என் கழுத்தில் கேமரா.

"கல்யாணப் பெண்ணா அது?
இத்தனை கோணத்தில் எடுக்கிறாய்!"

நான் குப்புறப் படுத்திருந்தேன்.
முழங்கையில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.
எறும்பின் உயரத்துக்கு லென்ஸ் இறங்கினால்தான்
காளானுக்கு முகம் கிடைக்கும்.
நின்றபடி பார்த்தால்
எல்லாம் வெறும் தொப்பி.

மஞ்சள் காளானுக்கு லித்துவேனியாவில்
அணில்குட்டி என்று பெயர்.
பிர்ச் வேரைச் சுற்றிப் பன்னிரண்டு அணில்குட்டிகள்.
மழை விட்டு அரைமணி இருக்கும்.
எனக்கு முன்பே வந்த நத்தையொன்று
ஒன்றின் விளிம்பைத் தின்றுவிட்டு
அதன்மேலேயே தூங்கிக்கொண்டிருந்தது.
அதை மட்டும் ஒன்பது படம்.

ஓக் மரத்தடியில் பச்சைத் தொப்பிகள் ஐந்து.
"வெண்ணெயில் வதக்கினால் போதும்" என்றபடி
குடைக்குக் கீழே நறுக் நறுக்கென்று அறுத்தாள்.
தண்டுகள் மண்ணிலேயே நின்றன.
அவள் குனிவதற்குள் எனக்குக் கிடைத்தவை
இரண்டே இரண்டு படங்கள்.

மாலை. அவள் கணவன் தௌட்விதாஸ்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
நத்தையைக் காட்டலாமென்று
படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன்.
பச்சைத் தொப்பி வந்தது.
விரலால் பெரிதாக்கினேன்.
தண்டில் கிழிந்த வெள்ளைப் பாவாடை.
அடியில், பாசி விலகிய இடத்தில்
உடைந்த முட்டையோடு மாதிரி
ஒரு கிண்ணம்.

வயிற்றில் புளியைக் கரைத்தது.
வாணலியில் வெண்ணெய் நுரைக்கத் தொடங்கியிருந்தது.
"அடுப்பை அணை."

ரிம்வீதா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள்.
பார்த்தாள்.
திரும்ப ஒருமுறை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தூக்கிப் போய்
கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினாள்.
ஐந்து மட்டும்தானே என்றேன்.
ஒன்றோடொன்று உரசிக் கிடந்ததில்
எதை நம்புவது?
அணில்குட்டிகளும் போயின,
பன்னிரண்டும்.

இரவு ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும்.
உருகிய வெண்ணெயை வீணாக்க மனமில்லாமல்
தௌட்விதாஸ் ரொட்டியால் துடைத்துத் தின்றான்.
யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை.
சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
அன்று எடுத்ததிலேயே
ஒளி சரியாக விழுந்த படம் அதுதான்.

விளக்கை அணைக்கும் முன்
கதவோரம் வந்து நின்றாள் ரிம்வீதா.
கையில் பழைய உருளைக்கிழங்குச் சாக்கு.

"நாளைக்கு ஆறு மணிப் பேருந்து.
படுக்கும்போது இதைக் கீழே போட்டுக்கொள்."