அடிக்குறிப்பு ஏழு

ரெஜைனாவில், செப்டம்பர் எட்டாம் தேதி,
அவளுக்குக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள்.
ஹால்டிஸ் புர்க். தற்காலிகம்.
படத்தில் கண்கள் பாதி மூடியிருந்தன.
மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள்.
நாலு மாதம்தானே, என்றார்கள்.

பொதுக்கொள்கை முதுகலை, மூன்றாம் பருவம்:
வகுப்பு இல்லை, சம்பளம் உண்டு,
நெடுஞ்சாலைத் துறையின் ஆறாம் மாடியில்
பிரசவ விடுப்பில் போன ஒருத்தியின் நாற்காலி உண்டு.
இழுப்பறையில் அவள் விட்டுப்போன
பாதாம் பொட்டலம், ஒற்றைக் கையுறை.

முதல் வேலை ஒரு படகைப் பற்றியது.
தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றின் குறுக்கே
இரும்பு வடத்தைப் பிடித்து ஊரும் படகு.
நடைக்கு ஆறு வண்டி, கட்டணம் கிடையாது.
வைத்திருப்பதா, நேரத்தைக் குறைப்பதா, நிறுத்துவதா?
அமைச்சருக்குக் குறிப்பு வேண்டும்.
"இரண்டே பக்கம்," என்றாள் வெர்னா கோஸ்டியுக்.
"மூன்றாம் பக்கத்தை இந்தக் கட்டடத்தில்
இதுவரை யாரும் படித்ததில்லை."

எண்கள் இருந்தன. நாளொன்றுக்குப் பதினொரு வண்டி,
ஐந்தாண்டுக்கு முன் பத்தொன்பது.
கோடு சரிந்தது. அழகாகவே சரிந்தது;
அதன் நிறத்தை மட்டும் மூன்று முறை மாற்றினாள்.
'பயன்பாடு குறைந்துவருகிறது' என்று எழுதினாள்.
எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது,
ஆள்தான் இல்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை
யாரும் சொல்லாமலே, இரவல் காரில்,
இரண்டரை மணி நேரம் ஓட்டிப்போய்
அந்தத் துறையில் இறங்கினாள்.
துறை என்றால் தண்ணீர் என்று
அன்றைக்குத்தான் அவள் ஷூவுக்குத் தெரிந்தது.

சரிவில் ஒரு ரப்பர் குழாய் கிடந்தது.
சக்கரம் ஏறி அழுத்தினால் எண்ணும்.
ஆட்களை எண்ணாது என்றான் படகோட்டி ஆர்லோ;
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான்.
அக்கரையில் ஒரு கார், இக்கரையில் ஒரு கார் வைத்து
நடந்தே ஏறி இறங்கும் செவிலி.
ஹாக்கி மட்டைகளோடு நாலு பையன்கள்.
குதிரையை நம்பாமல் கடிவாளத்தையே பார்த்துக்கொண்டு ஒருத்தி.
அறுவடை இயந்திரம் ஒன்று, ஆறே சாண் மிச்சம் விட்டு
படகு முழுவதையும் அடைத்துக்கொண்டது:
குழாயின் கணக்கில் அதுவும் ஒன்று.
மாலைக்குள் வண்டி ஒன்பது.
ஆள் முப்பத்துநாலு.
தான் யாரென்று அவள் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை, காபி மட்டும் ஊற்றினான்.

திங்களன்று அடிக்குறிப்பு ஏழு பிறந்தது.
முப்பத்துநாலு அதில் இருந்தது,
ஒரே நாளின் கணக்கு என்ற எச்சரிக்கையும் இருந்தது.
ஐந்தாம் திருத்தத்தில்
குறிப்பு இரண்டு வரி வழிந்து
மூன்றாம் பக்கத்தில் கால் வைத்தது.
"எழுத்தை இனியும் சின்னதாக்க முடியாது," என்றாள் வெர்னா.
"எதை எடுப்பதென்று நீயே பார்."

பின்னணியை எடுக்க முடியாது, படிவத்தில் இருக்கிறது.
கையொப்பக் கட்டங்களை எடுக்கவே முடியாது.
பாதாமில் ஒன்றை வாயில் போட்டாள், கசந்தது.
தானேதான் அழித்தாள்.
வேறு யாரும் இல்லை, அவள் விரல்தான்.

இயக்குநர் கையெழுத்திட்டார்.
துணை அமைச்சின் உதவியாளர் கையெழுத்திட்டார்.
நவம்பரில் ஆறு ஓரத்திலிருந்து இறுகத் தொடங்கியது,
படகைக் கரையில் இழுத்துப் போட்டார்கள்.
கோப்பு திரும்பி வந்தபோது
மூன்றாவது தெரிவின் எதிரே நீல மையில் ஒரு டிக்.
"நல்ல குறிப்பு," என்று யாரோ ஓரத்தில்.

பல்கலைக்கழகம் கேட்டது:
இந்தப் பணிக்காலத்தில் நீங்கள் பெற்ற திறன்கள் மூன்று.
இரண்டாயிரம் சொல்லுக்குக் குறையாமல்.
ஒன்று, சுருக்கமாக எழுதுதல், என்று தொடங்கி
அரை மணி நேரம் சும்மா இருந்தாள்.

கடைசி நாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்,
பாதிக் கண்ணோடு.
கையுறையை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.
மின்தூக்கியில் இறங்கும்போதுதான் உறைத்தது:
குறிப்பைத்தான் அழித்தாள், எண்ணை அழிக்கவில்லை.
முதல் பக்கத்தில், குறைந்துவருகிறது என்ற சொல்லின் தோளில்
பொடி எழுத்தில் ஓர் ஏழு
இத்தனை கையெழுத்தையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறது.
கீழே பார், என்கிறது.
கீழே பக்க எண் இருக்கிறது.