வங்கிக்கு ஒரு வசந்தம்

படத்தில் செர்ரிக் கிளை, டூலிப்,
மூலையில் உருகாத ஒரு துண்டுப் பனி.
"இதே மாதிரி வசந்தம் வேண்டும்" என்று
மேலாளர் ஹிஷாம் அனுப்பியிருந்தார்.
நாளைக் காலை பத்துக்குப் புதுக் கவுண்டர் திறப்பு.

பஹாவில் எந்தக் கடையில் விற்கிறது வசந்தம்?
இங்கே இருப்பது மழை,
மழைக்கு முந்தின புழுக்கம்,
அப்புறம் மழை.

யீ சின் முதலாளியம்மா குளிர்பெட்டியைத் திறந்தார்.
ஊதா ஆர்க்கிட் பன்னிரண்டு தண்டு.
வெள்ளை ஐந்து, அதில் ஒன்று பழுது.
"இலைக்கு என்ன செய்வாய்?"
நான் ஹெல்மெட்டைத் தேடினேன்.

மாசி மாதம்.
சுற்றிலும் செம்பனை ஆகிவிட்ட பிறகும்
அஞ்சாபுலி அண்ணனின் மூன்று ஏக்கர் மட்டும்
பால்மரம்.
கொட்டி முடித்துத் துளிர்த்த வாரம்.
பச்சை என்று சொல்ல முடியாது அதை;
தேய்த்த செம்பு,
மும்மூன்று இலையாய்,
விறைக்கத் தெரியாமல்
ஈரத் துணிபோலத் தொங்கிக்கொண்டு.

"எந்தக் கல்யாணத்துக்கு?"
"பேங்குக்கு அண்ணே."
சிரித்தார். கத்தியை அவரே எடுத்துவந்தார்.
"என் கடனும் அங்கேதான் இருக்கு.
விசாரிச்சதாச் சொல்லு."

திரும்பும் வழியில் செம்பனை அடிமரத்தில்
ஒட்டி வாழ்ந்த பெரணி, ஒரு கை.
அதற்கு யாரிடமும் கேட்கவில்லை.

விடியலில் தபால் நிலையத்து மழைமரம்
முழுக்க வெள்ளை.
ஒன்பது நாளுக்கு முன் அடித்த மழையை
எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது புறா ஆர்க்கிட்.
ஒரே நாள் பூ. சாயங்காலம் வாடிவிடும்.
திறப்பு விழாவோ பத்து மணிக்கு.
போதும்.
ஸ்டூல் போட்டு ஏறினேன்.

கண்ணாடி ஜாடி, ஆற்றுக் கூழாங்கல்.
முதலில் செம்புத் தளிர், சாய்வாக,
தன் பாரத்தில் எவ்வளவு வளையுமோ அவ்வளவு.
அந்த வளைவுக்குள் ஊதா, ஏறுவரிசையாய்.
பெரணியை விளிம்புக்கு வெளியே விட்டேன்,
ஜாடிக்கு அடங்காத ஒன்று இருக்கட்டும் என்று.
புறாக்களை எங்கும் செருகவில்லை;
காம்போடு மேலே வைத்தேன், அவ்வளவுதான்.

பால்மரக் காம்பைச் சுடாமல் நீரில் வைக்கக் கூடாது.
பதினொரு கிளை.
லைட்டரால் ஒவ்வொன்றாய்ச் சுட்டேன்,
வெட்டுவாயில் பால் பொங்கிக் கருகும்வரை.
பத்துதான் சுட்டேனா?
எண்ணிக்கை எனக்கு எப்போதும் வராது.

பில்லில் யீ சின் எழுதினார்:
இலை, ஒரு கிளை மூன்று வெள்ளி.
ஒரு கிலோ கட்டிப்பாலுக்கு
அண்ணன் கையில் வருவது என்னவென்று
நினைத்துப் பார்த்தேன்.
பில்லை மடித்துக் கொடுத்தேன்.

மாலை நான்கு மணிக்குப் போன்.
எல்லாரும் படம் எடுத்தார்களாம்.
வெள்ளைப் பூ சுருங்கிவிட்டதாம், அது பரவாயில்லையாம்,
ஆனால் ஜாடித் தண்ணீர்
கலங்கிக்கொண்டே வருகிறதாம்,
வெள்ளையாக.
கெட்டுவிட்டதா?

"இல்லை துவான்.
உங்களிடம் கடன் வாங்கின ஒருவர்
இந்த மாதத் தவணையைக்
கட்டிக்கொண்டிருக்கிறார்."